சிட்-சாட்: எப்படி எழுதுவது, என்ன பொருள்?

கேள்வி இதுதான். ஒருவர் வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு வந்து, அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதியிருக்கிறார். அதில் ஒரு வரி: "ஐ ஹேட் எ ஸ்மால் சிட் சாட் வித் தி கிளையன்ட்." மேலாளர் 'சிட் சாட்' என்ற இடத்தைச் சுழித்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அது ஒரு சொல்லா, இரண்டு சொல்லா, நடுவில் கோடு வேண்டுமா, அரட்டை என்று பொருளா, வம்பு என்று பொருளா, இதையெல்லாம் அறிக்கையில் எழுதலாமா என்று கேட்கிறார். பல வருடம் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், இந்தச் சின்னச் சொல்லுக்குள் அவ்வளவு இருக்கிறது.

முதலில் எழுத்து. சி, எச், ஐ, டி. அடுத்து சி, எச், ஏ, டி. இரண்டுக்கும் நடுவில் இணைப்புக்கோடு போட்டு 'சிட்-சாட்' என்று எழுதலாம், கோடு இல்லாமல் ஒட்டி 'சிட்சாட்' என்றும் எழுதலாம். இரண்டும் சரி. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் மாணவர்களுக்காகப் போடும் அகராதிகளில் கோடு போட்ட வடிவம் தலைச்சொல்லாக இருக்கும். அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டரில் ஒட்டிய வடிவம். உங்கள் அலுவலகம் பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்றினால் கோடு போடுங்கள், அமெரிக்க வழக்கம் என்றால் ஒட்டி எழுதுங்கள். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். இடைவெளி விட்டு இரண்டு தனிச் சொற்களாக எழுதுவதைத்தான் நல்ல பதிப்பாசிரியர் யாரும் விடமாட்டார். மேலாளர் சுழித்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஏன் பிரிக்கக் கூடாது? 'சாட்' என்ற பாதி தனியாக நிற்கும், அதற்குப் பொருள் உண்டு. 'சிட்' என்ற பாதிக்கு இந்த இடத்தில் தனிப் பொருளே கிடையாது. அது 'சாட்' என்பதன் நிழல். உயிரொலியை மட்டும் மாற்றி, சொல்லை முன்னால் ஒருமுறை சின்னதாகச் சொல்லிப் பார்ப்பது போன்ற அமைப்பு. நிழலைத் தனியாகப் பிரித்து வைத்தால் அது எதன் நிழல் என்று தெரியாமல் போய்விடும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது. "இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா" என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் சொல்லிவிட்டது. சலசல, கலகல, கிசுகிசு எல்லாம் இரட்டையாகவே நிற்கும், பிரித்தால் பொருள் தராது. ஆங்கிலச் சொல் அப்படியே இரட்டைக்கிளவி ஆகிவிடாது, அதில் ஒரு பாதி தனித்தும் நிற்கிறதே. ஆனாலும் எழுதும் முறைக்கு அந்த நூற்பாவை மனத்தில் வைத்துக்கொண்டால் தப்பே வராது. 'சிட்' தனித்து இசைக்காது, அதனால் தனித்து எழுதக் கூடாது.

இன்னும் நெருக்கமான ஒப்பு வேண்டுமென்றால் நம் பேச்சில் இருக்கிறது. காபி கீபி, பாம்பு கீம்பு, பேச்சு கீச்சு. அசல் சொல்லுக்குப் பின்னால் 'கி' அல்லது 'கீ' வைத்து ஓர் எதிரொலி விடுகிறோம். ஆங்கிலம் எதிரொலியை முன்னால் வைக்கிறது, நாம் பின்னால் வைக்கிறோம். இரண்டிலும் அந்த ஒல்லியான இகர ஒலிதான் வருகிறது என்பதைக் கவனித்தபோது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. வகுப்பில் இதைச் சொன்ன நாளில் கடைசி பெஞ்சுவரை எல்லோரும் எதிரொலிச் சொற்களைக் கூவ ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆங்கிலத்தில் இந்த இரட்டிப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இகர ஒலி முதலில் வரும், 'ஏ' எழுத்தின் ஒலியோ 'ஓ' எழுத்தின் ஒலியோ பின்னால் வரும். ஜிக்-ஜாக், மிஷ்-மாஷ், நிக்-நாக், ரிஃப்-ராஃப், டிங்-டாங், பிங்-பாங், ஃபிளிப்-ஃபிளாப், கடிகாரத்தின் டிக்-டாக். மூன்று வந்தாலும் அதே வரிசைதான், கட்டம் போட்டு ஆடும் 'டிக்-டாக்-டோ' விளையாட்டின் பெயரைப் பாருங்கள். ஜாக்-ஜிக் என்றோ டாங்-டிங் என்றோ யாரும் சொல்வதில்லை. இகரத்தைச் சொல்லும்போது நாக்கு முன்னே உயர்ந்து நிற்கிறது, அடுத்த ஒலிக்கு இறங்குகிறது. இந்த விதியைப் பள்ளிக்கூடத்தில் யாரும் கற்பிப்பதில்லை, ஆங்கிலம் பேசி வளரும் குழந்தை காதிலேயே பிடித்துக்கொள்கிறது. நமக்கு இதில் ஒரு பயன் உண்டு. எந்தப் பாதியில் 'ஐ', எந்தப் பாதியில் 'ஏ' என்ற குழப்பம் வந்தால், வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே எழுத்து வந்துவிடும்.

கோட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் விட முடியாது. 2007இல் வெளிவந்த 'ஷார்ட்டர் ஆக்ஸ்போர்டு' அகராதியின் ஆறாம் பதிப்பு, ஏறத்தாழ 16,000 சொற்களிலிருந்து இணைப்புக்கோட்டை எடுத்துவிட்டது. கோடு போன சொற்களுக்கு இரண்டு விதமான வாழ்க்கை அமைந்தது. 'ஐஸ்-கிரீம்' இரண்டு சொற்களாகப் பிரிந்தது, 'பம்பிள்-பீ' ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டது. இரண்டு பாதியும் தன் காலில் நிற்க முடிந்தால்தான் பிரிவது சுலபம். 'சிட்-சாட்' கோட்டை இழந்தால் அதற்கு ஒட்டிக்கொள்ளும் வழி ஒன்றுதான் இருக்கிறது. அமெரிக்கர்கள் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

இங்கே தமிழ்நாட்டு மாணவர்களுக்கு வரும் ஒரு தனிக் குழப்பம் உண்டு. ஒருமுறை பொருள் எழுதச் சொன்ன தேர்வில் ஒரு பையன், "பரீட்சை ஹாலில் துண்டுச்சீட்டு கொடுத்துக்கொண்டே பேசுவது" என்று எழுதியிருந்தான். மதிப்பெண் கொடுக்க முடியவில்லை. ஆனால் அந்த ஊகம் வெறுங்கையோடு வந்ததில்லை. ஆங்கிலத்தில் துண்டுக் குறிப்பு என்ற பொருளில் 'சிட்' என்று வேறொரு சொல் உண்மையாகவே இருக்கிறது, எழுத்தும் அதே நான்கு எழுத்து. அது இந்தியாவிலிருந்து போன சொல். இந்தியிலும் மராத்தியிலும் கடிதத்தைக் குறிக்கும் 'சிட்டி' என்ற சொல்லை வெள்ளைக்காரர்கள் எடுத்து, வால் நறுக்கி, 'சிட்' ஆக்கினார்கள். 1886இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் அது இருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஆர்தர் பர்னல் தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர். நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனிகளின் ஆங்கிலப் பெயர்ப்பலகையில் இருப்பதும், 1982ஆம் ஆண்டின் மத்தியச் சீட்டு நிதிச் சட்டத்தின் பெயரில் இருப்பதும் இந்த 'சிட்'தான். பேச்சைக் குறிக்கும் 'சிட்-சாட்'டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்த அகராதியின் பெயரே ஓர் இரட்டிப்பு என்பதையும் கவனியுங்கள். மொகரம் ஊர்வலத்தில் "யா ஹசன், யா ஹுசைன்" என்று எழும் ஓலத்தை ஆங்கிலேயச் சிப்பாய்களின் காது ஹாப்சன்-ஜாப்சன் என்று வாங்கிக்கொண்டது. அயல் மொழியின் ஒலி புரியாதபோது, தன் மொழியின் இரட்டிப்பு அச்சில் அதை வார்த்துக்கொள்ளும் பழக்கம் அது.

சின்னப் பெண்ணைக் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்லும் இன்னொரு 'சிட்'டும் ஆங்கிலத்தில் உண்டு. அதுவும் வேறு.

'சாட்' பாதிக்கு வருவோம். இதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 'சாட்டர்' என்ற பழைய சொல்லின் சுருக்கம்தான் 'சாட்'. 'சாட்டர்' 13ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கிறது. அது பறவைகள் விடாமல் கீச்சிடுவதைப் பார்த்து ஒலிக்குறிப்பாகப் பிறந்த சொல். பறவையின் சத்தம்தான் மனிதர்கள் ஓயாமல் பேசும் சத்தத்துக்கும் பெயரானது. 15ஆம் நூற்றாண்டில் 'சாட்' என்று சுருங்கியது, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'சிட்-சாட்' என்ற இரட்டிப்பு அச்சில் தென்படுகிறது. பறவையோடு இருந்த தொடர்பு இன்றும் அறுந்துபோகவில்லை. ஆங்கிலத்தில் 'சாட்' என்றே பெயருள்ள பறவைகள் இருக்கின்றன. 'ஸ்டோன்சாட்' என்ற பறவையின் குரல் இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவது போலிருக்கும், பெயரும் அதனால்தான். நீலகிரிப் பக்கம் போனால் கறுப்பும் வெள்ளையுமாக, புதர் நுனியில் உட்கார்ந்திருக்கும் 'பைட் புஷ்சாட்'டைப் பார்க்கலாம். அதுவும் இந்தக் குடும்பம்தான்.

நம் ஆண்டாள் இதே பாதையில் எதிர்த்திசையிலிருந்து வந்திருக்கிறாள். "கீசு கீசு என்று எங்கும் ஆனைச்சாத்தன் கலந்து பேசின பேச்சரவம் கேட்டிலையோ" என்று திருப்பாவையின் ஏழாம் பாட்டில் கேட்கிறாள். ஆங்கிலம் பறவையின் கீச்சொலியை எடுத்து மனிதப் பேச்சுக்குப் பெயராக்கியது. ஆண்டாள் மனிதரின் 'பேச்சு' என்ற சொல்லைப் பறவைகளுக்குக் கொடுத்துவிட்டாள். 'கலந்து பேசின' என்ற சொற்களை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சேதி ஏதும் சொல்வதற்காக இல்லாமல், விடியலில் கூட்டமாக இருக்கிறோம் என்பதற்காகவே எழும் சத்தம் அது. 'சிட்-சாட்' என்ற சொல்லின் பொருளுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த ஆங்கில அகராதியிலும் நான் பார்த்ததில்லை.

பொருளுக்கு வந்துவிட்டோம். முக்கியமில்லாத விஷயங்களைப் பற்றி, நட்போடு, அவசரமில்லாமல் பேசும் பேச்சு. வெயில், பேருந்து, பிள்ளைகளின் படிப்பு, நேற்றைய கிரிக்கெட், பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த கடை. இதில் யாரையும் இழித்துப் பேசும் குணம் இல்லை. இருவருக்கும் நடுவே கனமான காரியம் எதுவும் இல்லை என்பதுதான் இந்தச் சொல்லின் சாரம். முன்னால் 'ஐடில்' என்ற அடை சேர்ந்தால் மட்டும் 'வெட்டிப் பேச்சு' என்ற குறை தொனிக்கும். "எனஃப் சிட்-சாட்" என்று ஒருவர் சொன்னால், "பேசினது போதும், வேலையைப் பார்ப்போம்" என்று அர்த்தம்.

இந்த மாதிரிப் பேச்சைப் பயனற்றது என்று ஒதுக்குவதை நான் ஒப்பவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் டிரோப்ரியண்ட் தீவுகளில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரானிஸ்லா மாலினோவ்ஸ்கி, 1923இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு 'ஃபேட்டிக் கம்யூனியன்' என்று பெயர் வைத்தார். சொற்களைப் பரிமாறிக்கொள்வதாலேயே மனிதருக்குள் பிணைப்பு உண்டாகும் பேச்சு என்பது அவர் சொன்ன கருத்து. அங்கே சொற்கள் தகவலைச் சுமந்து வரவேண்டிய கட்டாயம் இல்லை. நம் ஊரில் "சாப்டாச்சா?" என்று கேட்கிறோம். சாப்பிடவில்லை என்று சொன்னால் இலை போடப்போகிறோம் என்பதற்காகவா எல்லோரையும் கேட்கிறோம்? "உன்னைப் பார்த்தேன், நீ எனக்கு வேண்டியவன்" என்பதை அந்தக் கேள்வி சொல்கிறது. கதவருகில் செருப்பைப் போட்டுக்கொண்டே அரைமணி நேரம் நின்று பேசுவோமே, அது அத்தனையும் சிட்-சாட்தான்.

அடுத்தது வம்பு. மேலாளர் மனத்தில் ஓடியது ஒருவேளை இதுவாக இருக்கலாம். வம்புக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் 'காசிப்'. அது இல்லாத மூன்றாம் மனிதரைப் பற்றிய பேச்சு. 'சிட்-சாட்'டுக்கு மூன்றாம் மனிதர் தேவையில்லை, இருவர் போதும். 'காசிப்' என்ற சொல் நல்ல குடும்பத்தில் பிறந்து கெட்ட பெயர் வாங்கியது. பழைய ஆங்கிலத்தில் அது ஞானத்தாய், ஞானத்தந்தை உறவைக் குறித்தது, கடவுள் பெயரால் உறவானவர் என்று பொருள். பிறகு பிரசவத்துக்குத் துணையிருக்கக் கூடும் நெருங்கிய தோழிகளைக் குறித்தது. அந்த அறையில் என்ன பேசுவார்கள் என்று வெளியே நின்றவர்கள் ஊகித்தார்கள் போலும், 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பேச்சுக்கே பெயராக நின்றுவிட்டது.

'வம்பு' என்ற நம் சொல்லும் இப்படித்தான் இடம் மாறியிருக்கிறது. தொல்காப்பிய உரியியலில் வம்பு என்றால் நிலையின்மை. குறுந்தொகையில் வரும் 'வம்ப மாரி' காலம் தப்பி வந்த மழை, கார்காலத்து மழை என்று கொன்றை மரங்கள் அதை நம்பிப் பூத்துவிடுகின்றன. நிலையில்லாத மழையைக் குறித்த சொல் இன்று நிலையில்லாத பேச்சைக் குறிக்கிறது. சங்கப் புலவர்கள் காதலர்களைப் பற்றிய ஊர்ப்பேச்சை இரண்டு நிலையாகவே பிரித்துப் பெயர் வைத்திருந்தார்கள். வாய்க்குள் முணுமுணுப்பாக, மொட்டாக இருக்கும்வரை அம்பல். ஊரெல்லாம் அறிய மலர்ந்துவிட்டால் அலர். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் தேடினால் 'காசிப்' ஒன்றே திரும்பத் திரும்ப வரும்.

வள்ளுவரும் இரண்டையும் கலக்கவில்லை. ஆள் இல்லாதபோது பழித்துப் பேசுவதற்குப் 'புறங்கூறாமை' என்று 19ஆம் அதிகாரம், வீண்பேச்சுக்குப் 'பயனில சொல்லாமை' என்று 20ஆம் அதிகாரம். அடுத்தடுத்து வைத்தார், ஆனால் தனித்தனியாக வைத்தார். அதே வள்ளுவர் சுற்றந்தழால் அதிகாரத்தில், "அளவளா வில்லாதான் வாழ்க்கை குளவளாக் கோடின்றி நீர்நிறைந் தற்று" என்கிறார். சுற்றத்தோடு மனம் கலந்து பழகாதவன் வாழ்க்கை, கரையில்லாத குளத்தில் நீர் நிறைந்தது போலாம். அந்த 'அளவளாவு' என்ற சொல்தான் இன்று நமக்குக் கலந்து பேசுவது என்ற பொருளில் நிற்கிறது. 'சிட்-சாட்' என்பதை எழுத்துத் தமிழில் மொழிபெயர்க்க வேண்டி வந்தால் நான் முதலில் எடுப்பது 'அளவளாவல்' என்ற சொல்லைத்தான்.

எல்லா இடத்திலும் அது பொருந்தாது என்பதும் உண்மை. மருத்துவர் நோயாளியிடம் சிறிது சிட்-சாட்டுக்குப் பிறகு பரிசோதித்தார் என்று வந்தால், "நலம் விசாரித்துவிட்டு" என்பதே இயல்பான தமிழ். ரயிலில் எதிர்சீட்டுக்காரரோடு என்றால் "ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தோம்". கல்லூரி விடுதி என்றால் அரட்டை. யாழ்ப்பாணத்துப் பாத்திரம் சொல்வதாக இருந்தால் "சும்மா கதைச்சுக்கொண்டு இருந்தனாங்கள்" என்று எழுதினால் போதும், அங்கே 'கதைத்தல்' என்ற ஒரே வினை இந்த இடத்தை நிறைவாக நிரப்பிவிடும். மூன்றாம் மனிதரின் கதையைத் துருவிக் கேட்பது என்றால் அவர்களிடம் 'விடுப்பு' என்று வேறு சொல் இருக்கிறது, அதை 'சிட்-சாட்'டுக்குப் போடக் கூடாது. அகராதியைத் திறந்து 'அரட்டை' என்று பார்த்ததும் எல்லா இடத்திலும் அதையே ஒட்டும் மொழிபெயர்ப்புகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். 'அரட்டை'யில் ஒரு சத்தமும் கும்பலும் இருக்கின்றன. தாழ்ந்த குரலில் இரண்டு பேர் பேசிக்கொள்வதை அரட்டை என்று யாராவது சொல்வார்களா?

இதே குடும்பத்தில் ஆங்கிலத்துக்கு நிறையச் சொற்கள் உண்டு. 'ஸ்மால் டாக்' என்பது பெரும்பாலும் அதிகம் பழகாதவர்களிடம் மரியாதைக்காகப் பேசுவது, 'சிட்-சாட்' அதைவிட ஓர் அங்குலம் நெருக்கமானது. 'நாட்டர்' பிரிட்டனில் மட்டும் அதிகம் புழங்குவது. 'சின்வாக்' என்றால் தாடையை ஆட்டுவது, வாயசைவைக் கொண்டே பேச்சுக்கு வைத்த பெயர். 'பிளாதர்' அர்த்தமில்லாமல் பேசுவது, ஸ்காட்லாந்தில் அது 'பிளெதர்' என்று ஒலிக்கும். வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. 'பலாவர்' தனிக்கதை. போர்த்துகீசிய மொழியில் 'பலாவ்ரா' என்றால் வெறுமனே 'சொல்'. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ளூர்த் தலைவர்களோடு போர்த்துகீசிய வணிகர்கள் நடத்திய நீண்ட பேச்சுவார்த்தைகளிலிருந்து ஆங்கிலேய மாலுமிகள் அதைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதே கப்பல்காரர்கள் வழியாகத்தான் நமக்கு அலமாரியும் சாவியும் ஜன்னலும் மேசையும் வந்தன. அவர்களிடமிருந்து நாம் வீட்டுச் சாமானின் பெயர்களை வாங்கினோம், ஆங்கிலேயர் பேச்சின் பெயரையும் வாங்கிக்கொண்டார்கள்.

'சாட்' மட்டும் தனியாக வரும்போது இன்று பொருள் நகர்ந்துவிட்டது. 1988இல் ஃபின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்காரினென் உருவாக்கிய ஐஆர்சி (இன்டர்நெட் ரிலே சாட்) என்ற இணைய உரையாடல் முறையின் பெயரிலேயே 'சாட்' இருந்தது. அதிலிருந்து 'சாட்' என்றால் தட்டச்சில் பேசுவது என்ற பொருள் ஊன்றிவிட்டது. "ராத்திரி முழுக்க சாட் பண்ணிட்டிருந்தான்" என்று தமிழில் சொன்னால் வாயைத் திறந்தான் என்று யாரும் நினைப்பதில்லை. 'சிட்-சாட்' இன்னும் பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே நிற்கிறது. உரையாடும் மென்பொருள் செய்பவர்களிடம் மட்டும் அதற்கு ஒரு தொழில்பொருள் உண்டு. டிக்கெட் போடுவது, கணக்கு இருப்பைச் சொல்வது போன்ற காரியம் எதுவும் இல்லாமல் பயனர் சும்மா பேசும் பகுதியை அவர்கள் 'சிட்-சாட்' என்கிறார்கள். தெருவோரம் 'சாட் கார்னர்' என்று எழுதியிருக்கும் பானிபூரிக் கடைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. அது நக்குவது என்ற பொருள்தரும் இந்தி வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் நடுவில் இரண்டு 'ஏ' போட்டு எழுதினால் குழப்பம் இருக்காது, பல பலகைகளில் ஒன்றுதான் இருக்கிறது.

இனி இலக்கணம். உங்கள் வரியில் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 'சாட்' எண்ணக்கூடிய பெயர்ச்சொல், "எ சாட்" என்று சொல்லலாம். 'சிட்-சாட்' பொதுவாக எண்ணப்படாதது, தண்ணீர், மணல் மாதிரி. அதனால் "எ சிட்-சாட்" என்பது ஆங்கிலேயர் காதுக்கு இடறும். "சம் சிட்-சாட்", "எ பிட் ஆஃப் சிட்-சாட்" என்பதே வழக்கம். 'ஸ்மால்' என்ற அடையும் வேண்டாம். சிறியது என்ற பொருள் அந்த இகரத்திலேயே இருக்கிறது. 'எ ஸ்மால் சிட்-சாட்' நம் நாட்டு ஆங்கிலத்தில் அடிக்கடி கேட்பதுதான், நமக்குள் பேசிக்கொள்ளும்போது யாருக்கும் உறுத்தாது. வெளிநாட்டுக்குப் போகும் அறிக்கையில் உறுத்தும். வினையாகப் பயன்படுத்தும்போது கடைசி 'டி' இரட்டிக்கும். 'சாட்டிங்', 'சாட்டட்' ஆகியவற்றில் எப்படி இரண்டு 'டி' போடுகிறோமோ அதே மாதிரி 'சிட்-சாட்டிங்', 'சிட்-சாட்டட்' ஆகியவற்றிலும் இரண்டு 'டி'. ஒற்றை 'டி' போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

கடைசியாக, இது பேச்சு வழக்குச் சொல். நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலில் தாராளமாக வரலாம். கூட்டக் குறிப்பு, விண்ணப்பம், வாடிக்கையாளர் பெயர் வரும் அறிக்கை ஆகியவற்றில் தவிர்த்துவிடுங்கள். நீங்கள் அன்பாகத்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் வாடிக்கையாளர் அதைப் படித்தால், தான் பேசியதில் சாரமே இல்லை என்று நீங்கள் சொல்வதாக அவருக்குத் தோன்றும். சந்திப்பில் வேலை விஷயமும் பேசியிருந்தால் "வி ஹேட் அன் இன்ஃபார்மல் டிஸ்கஷன்" என்று எழுதி, எதைப் பற்றி என்பதை அடுத்த வரியில் சேர்த்துவிடுங்கள். வேலை எதுவும் பேசாமல், காபி குடித்து நலம் விசாரித்துவிட்டு மட்டும் வந்திருந்தால் "இட் வாஸ் எ கர்டசி விசிட்" என்ற ஒரு வரி போதும். அந்த மேலாளரிடமே நாளைக்கு வாய்வார்த்தையாகச் சொல்லும்போது மட்டும், "ஜஸ்ட் எ பிட் ஆஃப் சிட்-சாட், சார்" என்று சொல்லுங்கள். அது முற்றிலும் சரியான ஆங்கிலம்.